உப்பசம்: செல்கள் அனுப்பும் பொட்டலங்கள்

1981-ஆம் வருஷம் வந்தவாசிப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து சித்தூருக்கு வந்து, மாமாவின் கமிஷன் மண்டியில் கணக்கெழுத உட்கார்ந்தேன். வெல்லம், புளி, வேர்க்கடலை கைமாறும் இடம். எனக்கு அப்போது தெலுங்கு அரைகுறை. மூட்டை தூக்கும் ஹமாலி ஒருவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஒரு மழைநாள் மத்தியானம் சுமையை இறக்கிவிட்டு மார்பைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் சாய்ந்தார். என்ன அண்ணா என்று கேட்டேன். "உப்பசம் நாயனா" என்றார். (தெலுங்கில் பரிவாகக் கூப்பிடும் அந்த 'நாயனா'வை எங்கள் குலப்பட்டமான 'நயினார்' என்று நான் காதில் வாங்கியது தனிக்கதை.) வயிறு உப்பிக்கொண்டது போலிருக்கிறது என்று நினைத்து ஓடிப்போய் ஓமத்தண்ணி வாங்கிவந்து கொடுத்தேன். மனுஷன் இரைப்புக்கு நடுவிலும் சிரித்துவிட்டார்.

தமிழில் உப்பசம், உப்புசம் என்றால் வயிறு ஊதிக்கொள்வது. தெலுங்கில் அதே சொல் ஆஸ்துமாவுக்குப் பெயர். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான், உப்புதல், அதாவது வீங்குதல், என்பது என் எண்ணம். நாம் தமிழில் இந்த நோயை இரைப்பு, இளைப்பு, ஈளை என்கிறோம். இரைப்பு காதில் கேட்கும் சத்தம், இளைப்பு களைப்பு, ஈளை என்றால் கோழை. எல்லாம் வெளியே தெரிகிற அடையாளங்கள். தெலுங்குக்காரர்கள் மட்டும் உள்ளே நடக்கும் வீக்கத்தைப் பெயராக வைத்தார்கள். ஆஸ்துமாவின் அடிப்படை அந்த வீக்கம்தான் என்பதை வைத்தியர்கள் உறுதியாகச் சொல்ல இருபதாம் நூற்றாண்டின் கடைசி வரை ஆயிற்று.

சுவாசகாசம் என்று இன்னொரு பெயர் நம்மவர்களிடம் உண்டு. அதில் 'காசம்' ஒட்டிக்கொண்டிருப்பதால் நேர்ந்த கஷ்டம் கொஞ்சநஞ்சம் இல்லை. காசம் என்றதும் பழைய சித்தூர் மாவட்டத்தில் எல்லாருக்கும் மதனப்பள்ளி ஆரோக்கியவரம் ஞாபகம் வந்துவிடும். 1915 முதல் காசநோய்க்காரர்கள் தங்கிச் சிகிச்சை பெற்ற பெரிய சானடோரியம் அது. இரைப்பு உள்ள பெண்ணையும் "அந்த வியாதி" என்று ஒதுக்கிக் கல்யாணம் தட்டிப்போன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். காசநோய் கிருமியால் வருவது, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும். ஆஸ்துமா தொற்றாது. இதை முதலில் எழுதிவிடுவது நல்லது.

ஒவ்வாமை ஆஸ்துமா என்பது என்ன? நாம் இழுக்கும் மூச்சோடு தூசி, மகரந்தம், பூஞ்சை போகிறது. பலருக்கு அது ஒன்றும் செய்வதில்லை. சிலருடைய உடம்பு அதைப் பகையாளி என்று தப்பாக எண்ணி, ஐ.ஜி.ஈ. என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தயாரித்து வைத்துக்கொள்கிறது. அந்தப் புரதம் மூச்சுக்குழாய்ச் சுவரிலுள்ள மாஸ்ட் செல்களின் மேல் போய் ஒட்டிக் காத்திருக்கும். அடுத்த தடவை அதே தூசி வந்ததும் மாஸ்ட் செல் தன்னிடமுள்ள ஹிஸ்டமின் முதலியவற்றைக் கொட்டிவிடும். சில நிமிஷத்தில் குழாய்த் தசை சுருங்கி மூச்சு அடைக்கும். இது முதல் கட்டம். பல மணி நேரம் கழித்து, தூசியெல்லாம் அடங்கிய பிறகு, ஈசினோஃபில் போன்ற வெள்ளை அணுக்கள் கூட்டமாக வந்து சேர, சுவர் வீங்கிக் கோழை சுரக்கும். இது இரண்டாம் கட்டம். தொல்லை இதில்தான். இந்த வீக்கம் நாள்கணக்கில், வாரக்கணக்கில் ஆறாமல் கிடக்கும். இரைப்பே இல்லாத நாளிலும் கிடக்கும்.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. திருப்பதியிலுள்ள என் மகளின் பையனுக்கு நாலு வயசிலிருந்து ஆஸ்துமா. டாக்டர் தினமும் காலையும் ராத்திரியும் உறிஞ்சும் மருந்து எழுதியிருந்தார். ஒரு கார்த்திகை மாசம் போயிருந்தபோது குழந்தை ஓடியாடிக்கொண்டிருந்தான். நான் மகளிடம், "வீசிங்கே இல்லையே அம்மா, சும்மா எதுக்கு ஸ்டீராய்டை உள்ளே அனுப்பறே? நிறுத்து" என்று சொன்னேன். அவளும், அப்பா சொல்றாரே என்று நிறுத்திவிட்டாள். பொங்கலுக்குச் சித்தூர் வந்தார்கள். பரண் சுத்தம் செய்தோம், பழைய பாயும் தலையணையும் இறங்கின, விடியற்காலையில் போகிப் புகை. அன்று ராத்திரி பையனுக்கு விலா எலும்பு உள்ளே இழுத்துக்கொண்டது. உதடு நிறம் மாறியது. வேலூருக்குக் காரில் போன அந்த முக்கால் மணி நேரத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அங்கே இளம் டாக்டரம்மா ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கோபமே இல்லாமல் சொன்னார்: "மூச்சு நல்லா இருக்குன்னா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம் ஐயா. நோய் போயிடுச்சுன்னு அர்த்தமில்லே."

தூசி போன பிறகும் வீக்கம் ஏன் போகவில்லை என்ற கேள்வி அன்றைக்கு என்னைப் பிடித்துக்கொண்டது. நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன். மாப்பிள்ளை அச்செடுத்துக் கொடுத்த ஆராய்ச்சிக் கட்டுரைகளை அகராதியும் கையுமாக மண்டியில் உட்கார்ந்து படித்தேன். அப்படிப் படித்ததில் ஒரு சங்கதி என்னை மிகவும் கவர்ந்தது. அதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

நம் உடம்பின் செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. அவை வெளியே விடும் ரசாயனத் துளிகள் சந்தையில் கூவி விற்பதைப் போல, பக்கத்தில் இருப்பவருக்கெல்லாம் கேட்கும். இது பழைய விஷயம். செல்கள் இன்னொரு காரியமும் செய்கின்றன. தங்கள் சரக்கைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி, மேலே முத்திரை போட்டு, வெளியே அனுப்புகின்றன. இவற்றுக்குப் புறச்செல் நுண்பைகள் என்று பெயர் சொல்லலாம். அவற்றில் ஒரு வகைக்கு எக்ஸோசோம் என்று பெயர். அளவு 30 முதல் 150 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் ஒரு கூறுதான் நானோமீட்டர். தலைமயிரின் குறுக்களவில் இந்தப் பொட்டலங்களை வரிசையாக வைத்தால் ஆயிரம் வரை வைக்கலாம். ரத்தம், எச்சில், தாய்ப்பால், நுரையீரல் ஈரம் எல்லாவற்றிலும் இவை இருக்கின்றன.

கண்டுபிடித்த கதை சுவையானது. 1967-இல் பீட்டர் உல்ஃப் என்பவர் ரத்தத் தட்டணுக்கள் உதிர்க்கும் மிக நுண்ணிய துகள்களைப் பார்த்து 'தட்டணுத் தூசி' என்று பெயர் வைத்தார். 1983-இல் கனடாவில் மான்ட்ரியாலில் ரோஸ் ஜான்ஸ்டோன் குழுவும், அமெரிக்காவில் செயின்ட் லூயிஸில் ஃபிலிப் ஸ்டால் குழுவும் தனித்தனியே ஒரே காட்சியைக் கண்டார்கள். முதிரும் நிலையிலுள்ள இளம் சிவப்பணு, இரும்புச்சத்தை வாங்கிக்கொள்ளத் தன்னிடம் இருந்த ஒரு புரதத்தை, இனி வேண்டாம் என்று நுண்பைகளில் கட்டி வெளியே தள்ளுகிறது. வெல்லம் காய்ச்சும்போது பாகின் மேல் பொங்கிவரும் அழுக்கை வழித்து எறிவோமே, அதுபோல இதுவும் செல்லின் கழிவு என்றே வெகுகாலம் எண்ணினார்கள். கழிவைப் பற்றி யார் ஆராய்ச்சி செய்வார்? பத்துப் பன்னிரண்டு வருஷம் விஷயம் அப்படியே கிடந்தது.

1996-இல் நிலைமை மாறியது. நோய் எதிர்ப்பு வேலை செய்யும் பி-செல்களிலிருந்து வந்த நுண்பைகள், மற்ற எதிர்ப்புச் செல்களைத் தூண்டிவிட வல்லவை என்று கிராசா ரப்போசோவும் கூட இருந்தவர்களும் காட்டினார்கள். 2007-இல் சுவீடன் தேசத்துக் கோதன்பர்க் நகரில் யான் லோட்வால் குழு, மாஸ்ட் செல்லின் நுண்பைகளுக்குள் ஆர்.என்.ஏ. இருப்பதையும், அதை வாங்கிக்கொண்ட வேறு செல் அதைப் படித்துப் புதிய புரதம் செய்வதையும் கண்டது. ஒவ்வாமைக்கு மூலமான அதே மாஸ்ட் செல்! அதற்குப் பிறகு யாரும் இதைக் கழிவு என்று சொல்லவில்லை.

பொட்டலம் கட்டும் முறையும் பார்க்கத் தகுந்தது. செல்லுக்குள் ஒரு பை இருக்கும். அந்தப் பையின் சுவர் உட்பக்கமாக மொட்டு விட்டு, உள்ளே சின்னச் சின்னப் பைகளாக விழும். பைக்குள் பல பைகள். பிறகு பெரிய பை செல்லின் வெளிச்சுவரோடு ஒட்டித் திறந்துகொள்ள, சின்னப் பைகள் வெளியே போகும். இப்படி இரண்டு தடவை புரண்டு வருவதால், செல்லின் மேற்புறத்தில் இருந்த புரதங்கள் பொட்டலத்திலும் மேற்புறமாகவே இருக்கும். அனுப்பியவர் முகம் பார்சலின் மேலேயே ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சி.டி.63, சி.டி.9, சி.டி.81 என்ற புரதங்கள் அநேகமாக எல்லாப் பொட்டலத்திலும் காணும் மண்டி முத்திரை மாதிரி. ஆராய்ச்சியாளர் இவற்றைப் பார்த்துத்தான் எக்ஸோசோம் என்று அடையாளம் சொல்கிறார்கள். பூமியின் ஈர்ப்பைப்போல ஒரு லட்சம் மடங்கு விசையில் சுழற்றினால்தான் இவை அடியில் படியும்.

இனி ஆஸ்துமாவுக்கு வருவோம். மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய குழாய் விட்டு உப்புநீரால் கழுவி எடுத்தால், அந்த நீரில் நுண்பைகள் கிடைக்கும். 2003-இல் ஸ்டாக்ஹோம் கரோலின்ஸ்கா நிறுவனத்தார் இதைக் காட்டினார்கள். 2007-இல் அதே குழுவினர் செய்த சோதனை ஒன்று வியாபாரிக்கு உடனே புரியும். வெல்லம் விற்கும் தரகர் முழு மூட்டையையும் தூக்கிக்கொண்டு அலைவதில்லை. உள்ளங்கையில் ஒரு துண்டு மாதிரி வைத்துக் காட்டுவார். பி-செல்லிலிருந்து வந்த நுண்பைகள், பிர்ச் மர மகரந்தத்தின் ஒரு துண்டைத் தம் மேற்புறப் புரதத்தில் ஏந்திக்கொண்டு டி-செல்களிடம் காட்டுகின்றன. மாதிரியைப் பார்த்த டி-செல் கிளம்பிவிடுகிறது, ஒவ்வாமையை வளர்க்கும் ரசாயனங்களைச் சுரக்கிறது. மகரந்தம் நேரில் வர வேண்டிய அவசியமில்லை, அதன் மாதிரி சுற்றிவந்தால் போதும்.

2012-இல் அவர்களே இன்னொன்று கண்டார்கள். லேசான ஆஸ்துமா உள்ளவர்களின் நுரையீரல் நீரிலிருந்து எடுத்த நுண்பைகளை மூச்சுக்குழாய்ச் செல்களோடு சேர்த்தால், ஆரோக்கியமானவர்களுடையதைச் சேர்த்ததைவிட அதிகமாக லூகோட்ரையீன் என்ற பொருள் உண்டாகிறது. இதைத் தயாரிக்கும் நொதிப் புரதங்களையே நுண்பைகள் சுமந்து திரிகின்றன. மான்டெலுகாஸ்ட் மாத்திரை வாங்கிப் பழக்கப்பட்ட வீடுகள் நம்மில் நிறைய. அந்த மாத்திரை தடுப்பது இந்த லூகோட்ரையீனின் வேலையைத்தான். 2015-இல் ஸ்பெயின் தேசத்தார், ஆஸ்துமா உள்ளவர்களின் ஈசினோஃபில் அணுக்கள் மற்றவர்களுடையதைவிட அதிகமான எக்ஸோசோம்களை விடுகின்றன என்று எழுதினார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது நம் நாட்டில் நடந்த வேலை. டெல்லிப் பல்கலைக்கழகத்தை ஒட்டி மால் ரோட்டில் சி.எஸ்.ஐ.ஆர். நடத்தும் மரபணுத் தொகுதி, ஒருங்கிணைந்த உயிரியல் நிறுவனம் இருக்கிறது. அங்கே பலராம் கோஷ், அனுராக் அகர்வால் முதலியோர் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இது. மூச்சுக்குழாயின் உட்சுவரை ஓடு வேய்ந்ததுபோல மூடியிருக்கும் மேல்தோல் செல்கள் வெறும் சுவர்தான், அடி வாங்கும் இடம்தான் என்று எண்ணியிருந்தோம். ஒவ்வாமையின்போது வரும் இன்டர்லூக்கின்-13 என்ற தூதுப்பொருள் பட்டதும், இந்தச் சுவர்ச் செல்களே எக்ஸோசோம்களை அனுப்பத் தொடங்குகின்றன என்று இவர்கள் கண்டார்கள். அவை போய்ச் சேரும் இடத்தில் மேக்ரோஃபேஜ் ஆகப்போகும் அணுக்கள் பெருகுகின்றன, அழைத்த திசைக்கு நகர்ந்து வருகின்றன. வீடு தன் சுவரைக் கொண்டே கூட்டத்தைக் கூப்பிடுகிறது. எலிகளுக்கு முட்டை வெள்ளைக்கருப் புரதத்தால் ஒவ்வாமை உண்டாக்கி, நுண்பை உற்பத்தியைத் தடுக்கும் ஜி.டபிள்யூ.4869 என்ற ரசாயனத்தைக் கொடுத்தபோது, அந்த அணுக்களின் பெருக்கம் குறைந்தது, ஆஸ்துமாவின் குணங்களும் தணிந்தன. (எலியை நோகச் செய்து அறிந்த அறிவு இது என்று எழுதும்போது எங்கள் குலத்தில் பிறந்தவனுக்குக் கை கொஞ்சம் தயங்கும். என் பேரன் உறிஞ்சும் மருந்தும் அப்படி வந்ததுதான் என்பதையும் மறைக்க முடியாது.)

ஆக என் கேள்விக்கு ஒரு பதில் கிடைத்தது. தூசி என்பது முதல் கொள்முதல் மாத்திரம். அதற்குப் பிறகு சுவர்ச் செல் மேக்ரோஃபேஜுக்கும், பி-செல் டி-செல்லுக்கும் பொட்டலம் அனுப்பிக்கொண்டே இருந்தால், வெளியிலிருந்து புதுச் சரக்கு வராவிட்டாலும் உள்ளே வியாபாரம் நடக்கும். வீக்கம் நிலைப்பதற்கு இது ஒன்றே காரணம் என்று யாரும் சொல்லவில்லை. கண்ணாடிக் குடுவையிலும் எலியிலும் பார்த்ததில் பாதி மனிதரிடம் இன்னும் உறுதியாக வேண்டியிருக்கிறது. டெல்லியில் பயன்பட்ட அந்த ரசாயனமும் ஆய்வுக்கூடத்துக்கு மட்டும் உரியது, மருந்து அல்ல. ஆனால் இன்டர்லூக்கின்-13-இன் வழியை அடைக்கும் டுபிலுமேப் என்ற ஊசி மருந்துக்கு 2018-இல் அமெரிக்காவில் கடும் ஆஸ்துமாவுக்காக அனுமதி கிடைத்தது. விலை நம்மைப் போன்றவர்க்கு எட்டாது.

பொட்டலம் என்றாலே கெட்ட சரக்கு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆலிவ் மகரந்தத்தைப் பொறுத்துக்கொள்ளப் பழக்கிய எலிகளின் நுரையீரல் நீரிலிருந்து எக்ஸோசோம்களை எடுத்து வேறு எலிகளுக்குக் கொடுத்தால், அவற்றுக்கு ஒவ்வாமை வராமல் தடுக்கிறது என்று 2008-இல் ஸ்பெயினில் கண்டார்கள். தாய்ப்பாலிலுள்ள எக்ஸோசோம்களும் எதிர்ப்புச் செல்களைச் சாந்தப்படுத்தும் பக்கமாகவே வேலை செய்வதாக ஸ்டாக்ஹோம் குழு 2007-இல் எழுதியது. ஒரே மாதிரிப் பை. சண்டை மூட்டுவதும் சமாதானம் சொல்வதும் உள்ளே என்ன புரதம், வெளியே யார் முகம் என்பதைப் பொறுத்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'எக்ஸோசோம் சிகிச்சை' என்று முடி வளர, தோல் மினுக்க, மூட்டு வலி தீர ஊசி போடும் கடைகள் உலகெங்கும் திறந்துவிட்டார்கள். 2019 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், இப்படிப்பட்ட எந்த எக்ஸோசோம் பொருளுக்கும் தான் அனுமதி தரவில்லை என்றும், நெப்ராஸ்காவில் சிலர் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள் என்றும் பொது அறிவிப்புக் கொடுத்தது. ஆஸ்துமாவுக்கு என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

ஒரே நாளில் தீர வேண்டும் என்ற ஆசை நமக்குப் புதிதல்ல. ஆண்டுதோறும் மிருகசீரிஷக் கார்த்தி அன்று ஹைதராபாத்தில் உயிருள்ள விரால் குஞ்சின் வாயில் மருந்து வைத்து விழுங்கக் கொடுக்கிறார்கள். சைவர்களுக்கு அதே மருந்தை வெல்லத்தில் வைத்துக் கொடுப்பார்கள். அதனால் வெல்ல வியாபாரியான எனக்கும் "உங்களுக்குத் தடையே இல்லையே, குழந்தையைக் கூட்டிப் போங்க" என்று சொன்னவர்கள் பலர். பணம் வாங்காமல் கொடுப்பதை மதிக்கிறேன். ஆனால் ஆஸ்துமா தினசரிக் கணக்கு. 2019-ஆம் ஆண்டின் உலக நோய்ச்சுமைக் கணக்குப்படி இந்தியாவில் ஏறத்தாழ மூன்றரைக் கோடிப் பேருக்கு இந்நோய் உண்டு. உலக ஆஸ்துமா நோயாளிகளில் இது சுமார் 13 சதவீதம். ஆஸ்துமா சாவுகளில் நம் பங்கோ 40 சதவீதத்துக்கும் மேல். அடைப்பு வந்தபோது மட்டும் நீலநிற உறிஞ்சியைத் தேடி, வீக்கத்தைத் தணிக்கும் தினசரி மருந்தை விட்டுவிடுவது அதற்கு ஒரு பெரிய காரணம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். நான் பயந்த ஸ்டீராய்டு மாத்திரையில் மில்லிகிராம் கணக்கில் வரும். உறிஞ்சியில் வருவது மைக்ரோகிராம் கணக்கு, ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுகோல், அதுவும் போக வேண்டிய இடத்துக்கு நேராகப் போகிறது. இதை யாரும் முன்பே எனக்குச் சொல்லவில்லை என்று குறைப்படுவதில் நியாயமில்லை, நான் கேட்கவே இல்லை.

நுண்பைகளைப் படிக்கத் தெரிந்தால் என்ன லாபம்? இப்போது உள்ளே வீக்கம் எவ்வளவு என்று அறிய ஊதச் சொல்கிறார்கள், சளியைச் சோதிக்கிறார்கள். சின்னக் குழந்தையிடம் இதெல்லாம் லேசில் நடக்காது. மூக்கு கழுவிய நீரிலோ ஒரு துளி ரத்தத்திலோ உள்ள பொட்டலங்களின் முத்திரையைப் பார்த்து, சுவர்ச் செல் எவ்வளவு அனுப்பியது, ஈசினோஃபில் எவ்வளவு அனுப்பியது என்று சொல்ல முடியுமா என்று பல ஆய்வுக்கூடங்களில் முயன்றுகொண்டிருக்கிறார்கள். அப்படி ஒரு சோதனை வந்தால், மருந்தை எப்போது குறைக்கலாம் என்பதை என்னைப் போன்ற தாத்தாக்கள் கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டியிருக்காது.

அந்த ஹமாலி அண்ணா இப்போது இல்லை. அவர் காலத்தில் எங்கள் மண்டியில் யாருக்கும் இந்தத் தினசரி மருந்தின் பெயர்கூடத் தெரியாது. அவர் மகன் எங்களிடமே எடை போடுகிறார். கடலை மூட்டை பிரிக்கும் நாளில் மூக்கை மூடித் துண்டு கட்டிக்கொள்கிறார், சட்டைப் பையில் உறிஞ்சி வைத்திருக்கிறார். திருப்பதியில் பேரனுக்கு இப்போது பதினோரு வயசு. மருந்துக் குப்பியின் முதுகில் மிச்சம் எத்தனை முறை என்று எண் காட்டும். ராத்திரி போனில் அந்த எண்ணை எனக்கு வாசிப்பான். நான் மண்டிக் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொள்கிறேன். நேற்று 64.